தூள் வறுத்த அன்று திறந்த யன்னல்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். கனடாவில், மொன்றியலில் எங்கள் வீட்டுக்கு என் கணவர் ஒரு சிறிய மலைப்பாம்பைக் கண்ணாடித் தொட்டியோடு கொண்டுவந்தார். வேலைத்தலத்து நண்பர் கொடுத்ததாம். நான் அதன் பக்கமே போவதில்லை.

தை மாதம் ஒருநாள், அவர் வேலைக்குப் போயிருக்க, கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தேன். புகைக்கு அலாரம் அடித்துவிடும் என்று தொட்டிக்குப் பக்கத்து யன்னலை அகலத் திறந்தேன். வெளியே மைனஸ் இருபது. இரண்டு மணித்தியாலம் அதை மூட மறந்துபோனேன்.

ஒரு கிழமையில் பாம்பு தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, விசிலடிப்பதுபோல மூச்சுவிடத் தொடங்கியது. குளிர் பட்டதா என்று மிருக வைத்தியர் கேட்டார். கணவர் என்னைப் பார்க்காமலே தெரியாது என்றார். நான் வாயே திறக்கவில்லை.

நுரையீரலில் கிருமியாம். மூன்று நாளுக்கு ஒருமுறை வீட்டிலேயே ஊசி போடவேண்டும். கணவர் ஊசி போட, யாராவது பாம்பைப் பிடிக்க வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். அது என் மணிக்கட்டைச் சுற்றி, சூடு தேடி, சட்டைக் கைக்குள் தலையை நுழைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தானப்பா யன்னலைத் திறந்துவிட்டனான்."

"தெரியும். அண்டைக்கு வீடு முழுக்கத் தூள் மணம், ஒரே குளிர். நீராகவே சொல்லுவீர் எண்டு பேசாமல் இருந்தனான். இப்ப ஆட்டாமல் பிடியும்."

அழுகையோடு சிரித்தேன்.

மூன்றாம் கிழமை ஒரு காலை, தொட்டியில் காதை வைத்தேன். பாம்பு நாக்கை நீட்டி என்னைப் பார்த்தது. மூச்சில் ஒரு சத்தமும் இல்லை. கணவரையும் கூப்பிட்டேன். தொட்டியின் இரு பக்கமும் காதை வைத்தபடி, ஒன்றுமே கேட்காத சந்தோஷத்தில், ஊற்றிவைத்த தேத்தண்ணீர் ஆறும்வரை இருந்தோம்.