நகராமல் நின்ற எண்

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். பாகூர் பக்கத்து ஊரிலிருந்து தினமும் கிருமாம்பாக்கம் வந்து பஸ் பிடித்துப் புதுச்சேரியில் ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேதியியலில் முனைவர் பட்டம். அந்த மாதத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்காதது அதிசயம்தான்.

எங்கள் வேலை இதுதான். ஒரு வாயுவைச் சின்னக் கண்ணாடி டியூபில் அடைத்து, என்.எம்.ஆர். கருவியின் பெரிய காந்தத்துக்குள் இறக்குவோம். வாயுவிலிருக்கும் அணுக்கரு கருவியில் ஓர் எண்ணைக் காட்டும். டியூபுக்குள் கூட்டம் கூடினால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக இழுக்கும், அணுவைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான் போர்வை கொஞ்சம் கலையும், எண்ணும் கொஞ்சம் நகரும். எவ்வளவு வாயுவுக்கு எவ்வளவு நகர்கிறது என்று கோடு போட்டுப் பின்னால் நீட்டினால், மூலக்கூறு தன்னந்தனியாக இருக்கும்போது என்ன எண் காட்டும் என்று தெரிந்துவிடும்.

டியூபில் வாயுவை உறைய வைத்து, வாயை உருக்கி மூடுவது என் தோழியின் வேலை. கடலோர ஊர்க்காரி, மீன் வியாபாரக் குடும்பம், என்னோடு அதே வருடம் சேர்ந்தவள். அளந்து எண் எடுப்பது நான்.

ஆறு டியூப். முதல் நான்கும் கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்தன. ஐந்தாவதில் வாயு அதிகம், ஆறாவதில் அதைவிட அதிகம். எண்ணோ நான்காவதை விட்டு நகர மாட்டேன் என்றது. கருவியைச் சரிபார்த்தேன், வெப்பநிலையைப் பார்த்தேன், கணக்கை மூன்று தடவை போட்டேன். தலை சுற்றியதுதான் மிச்சம்.

"சரியா போட்டியாடி?" என்று கேட்டேன்.

"போட்டேன்டி. நோட்டுல எழுதியிருக்கேன் பாரு."

மறுபடி இரண்டு டியூப் அடைத்துக் கொடுத்தாள். அதே எண். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை நேராக எங்கள் கைடு பேராசிரியரிடம் போய், அவள் அடைப்பதை நம்ப முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். திங்கள் முதல் அவள் அந்த வேலையைத் தொட வேண்டாம் என்றார் அவர். அவளுடைய ஆய்வு முழுவதும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை வீட்டில் அண்ணி ஈரத்துணியால் கேஸ் சிலிண்டரைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேல்பக்கம் சட்டென்று காய்ந்தது, அடியில் மட்டும் ஈரம் நின்றது. அந்த உயரம் வரைதான் உள்ளே கேஸ் திரவமாக மிச்சம் என்று அர்த்தம்.

"இன்னா அண்ணி, அடுப்பு நல்லாத்தான எரியுது?"

"எரியும். முக்கால்வாசி தீந்தாலும் இப்படியேதான் எரியும். அத நம்புனா சோறு பாதி வேக்காட்டுல நிக்கும்பா."

காபி ஆறும்வரை அங்கேயே நின்றேன். அடியில் திரவம் இருக்கும்வரை மேலே இருக்கும் வாயுவின் நெருக்கம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அப்படியென்றால் என் டியூபில்?

திங்கள் காலை முதல் பஸ். ஆறாவது டியூபை விளக்கின் முன் பிடித்தேன். டியூபின் கண்ணாடி அடியில் தடித்து வளைந்து மினுங்கும், அதனால் அதுவரை கண்ணில் படவில்லை. சாய்த்ததும் உள்ளே ஒரு சொட்டு நகர்ந்தது. அந்த வாயுவை ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால் திரவமாகிவிடும். நாங்கள் முதல் வருடத்திலேயே படித்த பாடம். கூடுதலாகப் போட்டதெல்லாம் அடியில் சொட்டாகக் கிடக்க, வாயுவில் நெருக்கம் கூடவில்லை, எண்ணும் நகரவில்லை. அவள் போட்ட அளவு ஒரு துளிகூடத் தப்பில்லை.

அவள் வந்ததும் கூட்டிக்கொண்டு கைடிடம் போய், தப்பு என்னுடையது என்று அவள் முன்னாலேயே சொன்னேன். அவளுக்கு அவள் வேலை திரும்பக் கிடைத்தது. வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் சொன்னாள்: "நான் போட்டேன்னு சொன்னத நம்பியிருந்தா, போட்டது எங்க போச்சுன்னு அன்னிக்கே தேடியிருப்ப."

பிறகு பழையபடி பேசினாள், பட்டமும் இருவரும் வாங்கினோம். எண் ஏன் நகரவில்லை என்பது புரிந்துவிட்டது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவளின் வார்த்தையை விட்டு நான் போட்ட கோட்டை ஏன் அவ்வளவு நம்பினேன் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.