மீனாக்ஷி சாப்பிட்ட பித்லா

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் மீனாக்ஷி இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறார். வந்திறங்கும் மூட்டைகளில் ஒரு கை அள்ளி, நசுக்கி, முகர்ந்து, எது வெளிநாட்டுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்று சொல்வது அவர் பொறுப்பு. கணவர் ஏலூரில் உரத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டிவலியால் வெளியூர்ப் பயணம் கிடையாது. ஒரே மகள் சுப்ரியா நுண்ணுயிரியல் படித்துவிட்டு நாசிக்கில் மூன்று வருஷமாக ஒரு ஜூஸ் கம்பெனியில் இருந்தாள். வீட்டில் அவள் சொல்லியிருந்தது அப்படித்தான்.

போன ஓணம் முடிந்த வாரம், கிடங்கில் கூட வேலை செய்யும் சகீலா போனை நீட்டினாள்.

"சேச்சி, இது உங்க மோளுதானே?"

முட்டிவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆள் உயர எஃகுத் தொட்டிக்கு முன்னால் சுப்ரியா நின்றிருந்தாள். கையில் நுரை தளும்பும் கண்ணாடி டம்ளர். கீழே பெயரும், 'தலைமை பீர் தயாரிப்பாளர்' என்ற பதவியும்.

மீனாக்ஷி போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கும் மறுநாளும் மகளிடமிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மங்களா எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டு அவரே கூப்பிட்டார்.

"தீபாவளி கழிஞ்சு அங்க வரேன். நீ எங்க வேலை பண்றேன்னு பார்க்கணும்."

"சரிம்மா," என்றாள் சுப்ரியா.

ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்த இடம். முன்னால் உணவகம், அதன் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் தொட்டிகள். சுற்றுவட்டாரத்து ஒயின் தோட்டங்களைப் பார்க்க வருகிறவர்கள் மத்தியானம் இங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மீனாக்ஷி பட்டுக்கரைப் புடவையில் ஓரத்து மேஜையில் உட்கார்ந்து, பக்கத்து மேஜைகளைப் பார்க்காமல் மெனுவைப் பார்த்தார். சைவத்துக்கு இரண்டு பக்கம் இருந்தது. பனீர் டிக்கா, பனீர் சில்லி, பனீர் பீட்ஸா.

"பனீர் இல்லாம ஒண்ணுமே இல்லையா?"

"வெங்காய பஜ்ஜி மாதிரி ஒண்ணு இருக்கு," என்று பரிமாறுகிறவர் இந்தியில் சொன்னார். மீனாக்ஷி அதையே கேட்டார்.

தட்டு வந்தது. பொன்னிறத்தில் பெரிய வளையங்கள். மீனாக்ஷி ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா, அதைச் சாப்பிட வேண்டாம்," என்றாள் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த சுப்ரியா. "அந்த மாவுல பீர் ஊத்தியிருக்கு. மொறுமொறுன்னு வரதுக்காக்கும்."

மீனாக்ஷி வளையத்தைத் தட்டில் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சே இருக்காது எனக்கு."

"தெரியாது. ஆனா இனிமே ஒண்ணையும் மறைக்க முடியாதும்மா." சுப்ரியா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மூணு வருஷமா போன்ல ஜூஸ் ஜூஸ்னு பறஞ்சு பறஞ்சு நாக்கே கூசறது. எனக்கு இந்த வேலை இஷ்டம். நான் குடிக்கறது கிடையாது, ருசி பார்த்துட்டுத் துப்பிடுவேன். அதைச் சொன்னா யார் நம்புவா?"

"நான் டெய்லி மிளகு மென்னுட்டுத் துப்பறேன். நான் நம்ப மாட்டேனா?"

சுப்ரியாவுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. மீனாக்ஷி அவள் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போது பசிதான் பெரிதாக இருந்தது. உள்ளேயிருந்து கடுகும் பச்சைமிளகாயும் தாளிக்கிற மணம் வந்தது.

"அது யாருக்கு?"

"அது ஸ்டாஃப் சாப்பாடு. கங்காபாய் பண்றா. நானும் தினம் அதைத்தான் சாப்பிடறேன்."

"அப்ப எனக்கும் அது போறும்."

சமையலறைப் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி ஒரு பெஞ்சு. பாத்திரம் கழுவுவதோடு ஸ்டாஃபுக்குச் சமைக்கவும் செய்யும் கங்காபாய்க்கு ஐம்பது வயது இருக்கும். விருந்தாளியை அங்கே உட்காரவைக்க முதலில் தயங்கினார். பிறகு கடலைமாவைக் கரைத்துக் கொதிக்கவைத்த பித்லாவையும், கையால் தட்டிய சோள ரொட்டியையும் வைத்தார். பூண்டு தூக்கலாக இருந்தது. வீட்டில் பூண்டு சேர்க்காத மீனாக்ஷி இரண்டு ரொட்டி சாப்பிட்டு மூன்றாவதும் கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சுப்ரியா தொட்டிகளைக் காட்டினாள். கோதுமை பீரில் சேர்க்க வைத்திருந்த கொத்தமல்லி விதைச் சாக்கின் பக்கத்தில் மீனாக்ஷி தானாகவே நின்றுவிட்டார். நாலு விதையை எடுத்து நசுக்கினார்.

"இது போன வருஷத்துச் சரக்கு. எண்ணெயே இல்லே இதுல."

சுப்ரியா அம்மாவையே பார்த்தாள். மூன்று மாதமாக அந்த பீரில் மணம் ஏறவில்லை. எல்லோரும் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் மீனாக்ஷி புதுக் கொத்தமல்லி அனுப்பினார். அடுத்த முறை காய்ச்சியது நன்றாக வந்தது. ஜனவரியில் இன்னொன்றும் நடந்தது. பின்கட்டில் அம்மா சாப்பிட்டதைப் பற்றி சுப்ரியா முதலாளியிடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் பித்லாவும் சோள ரொட்டியும் மெனுவுக்கு வந்தன. முதல் ஞாயிறு இரண்டு மணிக்கே தீர்ந்துபோயிற்று. பாத்திரம் கழுவுவதிலிருந்து கங்காபாயை விடுவித்து, அடுப்புப் பக்கம் நிரந்தரமாகப் போட்டார்கள்.

மே மாதம் சுப்ரியாவோடு கங்காபாயும் கொச்சிக்கு வருகிறார். இப்போது மீனாக்ஷி மிளகு சலிக்கும்போது ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். 'ஜேவ்லாத் கா?' சாப்பிட்டீர்களா என்று அர்த்தம்.

"என்ன சேச்சி, கொங்கணி படிக்கிறீங்களா?" என்று கேட்டாள் சகீலா.

"இல்லே, மராட்டி. கொங்கணிக்கு ஒண்ணுவிட்ட அக்கான்னு வெச்சுக்கோ," என்றார் மீனாக்ஷி.