வானத்தில் இருந்தவர் கேட்டில் நின்றார்

எங்கள் பிளான்ட் மேனேஜருக்கு மணிக் கணக்கு தெரியாது. அதற்குத் தண்டனையாக டிரைவர் மோசஸை சஸ்பெண்ட் செய்துவிட்டார்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கேட் செக்யூரிட்டி. இந்த வேலையிலேயே தலை நரைத்துவிட்டது. புதிதாகக் கேட்டுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய பிரஸ் மெஷின் நின்றுபோனது. ஜப்பானிலிருந்து டனாகா என்ற இன்ஜினியர் வந்தால்தான் ஓடும். காலை ஒன்பது மணிக்கு அங்கே விமானம் ஏறுகிறார் என்று தகவல் வந்தது. மேனேஜர் முன்பு ஜப்பான் போனவர். இங்கே இரவு எட்டுக்கு ஏறி அங்கே காலை எட்டுக்கு இறங்கினாராம். ஆகவே பன்னிரண்டு மணி நேரப் பயணம், டனாகா இரவு ஒன்பதுக்கு வருவார் என்று முடிவு செய்து, மோசஸை மாலை ஆறுக்குக் காரோடு சென்னை ஏர்போர்ட்டுக்கு அனுப்பினார்.

ஜப்பானில் கடிகாரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அன்று எனக்கும் அது தெரியாது. ஆனால் நான் மேனேஜர் இல்லை.

ஏழரை மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ கேட்டில் நின்றது. பெட்டியோடு டனாகா இறங்கினார். நாலு மணிக்குள் விமானம் இறங்கி, யாரும் வராததால் மெட்ரோவில் சென்ட்ரல் போய், கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து வந்திருக்கிறார்.

மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"அவரு இன்னும் வானத்துல இருக்காருய்யா. நீ எவனை உள்ள வுடப் பாக்குற?"

"பாஸ்போர்ட்டு காட்டுறாரு சார். போட்டோல இருக்கறதும் அவருதான்."

"பாஸ்போர்ட் வரும்யா. பிளேன் ஒம்போதுக்குத்தான் வரும்."

ஒன்பது வரை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. உள்ளே செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் நின்ற மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்க, அதைச் சரிசெய்ய வந்தவர் என் கேபினில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மோசஸிடம் போனில் சொன்னேன். பெயர் அட்டையைப் பிடித்தபடி ஏர்போர்ட் வாசலில் நின்றிருந்தான்.

"நீ இன்னாண்ணா பேஜாரு பண்ற? இடத்த வுட்டு நவுந்தா வேல போய்டும்னு இப்பதான் சொன்னாரு. அவரு அங்கயே துன்னுகினு இருந்தாலும் நான் இங்கதான் நிக்கணும்."

சரியாக ஒன்பதுக்கு மேனேஜர் கூப்பிட்டார். "இப்ப எறங்கியிருப்பாரு. உள்ள வுடு."

மறுநாள் மோசஸுக்கு மெமோ. விருந்தாளியை வரவேற்கத் தவறினானாம். டனாகா ஏழரைக்கே கேட்டுக்கு வந்துவிட்டார் என்று விசாரணையில் நானும் சாட்சி சொன்னேன். மேனேஜர் அசையவில்லை.

"போறப்ப பன்னெண்டு மணி நேரம். வர்றப்ப மட்டும் எப்படிக் கொறையும்? தூரம் ஒண்ணுதானே?"

ஸ்டோர்ஸ்காரர் போனில் தேடிக் காட்டினார். ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், எட்டு ஒன்பது மணி நேரம் என்று இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "அது காலி பிளேனுக்கு. ஆள ஏத்தினா லேட்டாவும்" என்றார். எச்.ஆர். தலையாட்டியது.

டனாகா மெஷினை ஓட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்கும் போய்விட்டார். மோசஸ் மட்டும் இன்னும் அத்திப்பட்டு வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

புதிதாகக் கேட்டுக்கு வருகிறவர்களே, நான் கற்றது இவ்வளவுதான். எதிரே ஆள் நின்றால் ஆள் வந்துவிட்டார். போனில் யார் மறுத்தாலும் அவர் பெயரையும் மறுத்த நேரத்தையும் நாலு பேர் காதில் விழ உரக்கச் சொல்லுங்கள். நான் அன்று அதைச் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

மேனேஜர் சார், திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறும்போது கேட்டுக்கு வாருங்கள். எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். டனாகா வானத்தில் இருந்த நேரத்தில் என் கேபினில் ரெண்டு டீ குடித்தவர் யார்?