அண்ணி பிடுங்கிய ஃபியூஸ் கட்டை

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணி எனக்கு எதிரே நின்ற காட்சி, ஐம்பது ஆண்டுகளாகியும் என்னை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் அண்ணன் பட்டு நெய்துகொண்டிருந்தார். கை வேர்த்தால் பட்டில் கறை விழும் என்று அடிக்கடி எழுந்துபோய்த் துடைத்துக்கொள்வார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் அவருக்காக ஒரு மேசை விசிறி வாங்கிவந்தேன். வீட்டில் விளக்கு மட்டும்தான் உண்டு, பிளக் பாயிண்ட் கிடையாது. வயர்மேனைக் கூப்பிடலாம் என்று அண்ணி சொன்னார். படித்தவன் என்ற திமிரில் நானே பல்பு ஹோல்டரிலிருந்து வயர் இழுத்து, நடுவில் ஒட்டுப் போட்டுத் துணி சுற்றி, தறியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். விசிறி சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் நல்ல மழை. நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழியில் ஈரம் ஊறியிருந்தது. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், அறுந்த சரிகை இழையை முடிபோடக் குழிக்கு வெளியே பலகைமேல் கால் மடக்கி உட்கார்ந்த அண்ணி கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, சரிகைய தொட்டா சுர்ருன்னு இழுக்குதுபா."

"பட்டு உரசினா அப்படித்தான் அண்ணி."

அவர் நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முடிந்துகொண்டார். "உங்க அண்ணன் நாளெல்லாம் வெறுங்கால குழியில வச்சிக்கினு உக்காந்திருக்காரு. போய் வயர்மேன கூட்டிக்கினு வா. அதுவரைக்கும் இது என்னாண்டதான் இருக்கும்."

வயர்மேன் வந்து பார்த்தார். தறியின் ஆட்டத்தில் துணி தேய்ந்து, செம்புக் கம்பி சரிகைமேல் படுத்திருந்தது. "சரிகையும் வெள்ளிக் கம்பிதானே சார். ஈரக்காலோட அவரு தொட்டிருந்தாருன்னா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் வேலை. மெயினிலிருந்து தனியாக லைன் இழுத்து, தறிக்கு எட்டாத சுவரில் மார்பு உயரத்தில் மூன்று துளை பிளக் பாயிண்ட் வைத்தார். கொல்லையில் குழி தோண்டிக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி எர்த் கொடுத்தார். கடைசியாக அண்ணியிடமிருந்து ஃபியூஸ் கட்டையை வாங்கி மாட்டி, மின்சாரம் கசிந்தால் எரியும் டெஸ்ட் லேம்பைச் சரிகையில் வைத்துக் காட்டினார். எரியவில்லை.

அண்ணன் குழியில் இறங்கப் போனார். அண்ணி மறித்தார்.

"இருங்க. தம்பி மொதல்ல தொடட்டும்."

தொட்டேன். சரிகை சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன். அவர் அப்போதுதான் சிரித்தார்.

அண்ணனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன வாரம் செவிலிமேட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கினார். அவர் மார்பு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.