எடைச்சீட்டின் வெற்று வரிகள்

இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு என்னால் மூட்டை தூக்க முடியவில்லை. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோட்டில் ஒரு எடைமேடை இருந்தது. அதன் முதலாளி என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கே அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. லாரி மேடையில் ஏறி நின்றதும் வண்டி நம்பரைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். பிரிண்டர் சீட்டு அடிக்கும். எனக்கு எழுத்து சரியாக வராது, எண் தெரியும். அந்த வேலைக்கு அது போதும்.

சீட்டுத் தாள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். ஒவ்வொரு சீட்டின் தலையிலும் பிள்ளையார் படமும் எடைமேடையின் பேரும் முன்னாலேயே அச்சாகி இருக்கும். கீழே கட்டங்கள். எடை கட்டத்துக்குள் விழ வேண்டும். காலையில் முதல் சீட்டு ஒழுங்காக விழும். போகப் போக ஏறும், இறங்கும். ஒரு நாள் பிள்ளையார் மேலேயே விழுந்தது.

நெல் ஏற்றி வாலாஜாபாத் போன டிரைவர் திரும்பி வந்து சீட்டை என் முன்னால் போட்டார்.

"இன்னா நைனா, என் லோடைப் போடச் சொன்னா புள்ளையாரை எடை போட்டுக்கீற? மில்லுல சீட்டை வாங்க மாட்டேன்றான்."

"பன்னெண்டு டன்னு கீறாரு. கொழுக்கட்டையைக் கொறைக்கச் சொல்லு," என்றார் பின்னால் நின்ற ஜல்லி வண்டிக்காரர்.

முதலாளி சிரிக்கவில்லை. "இந்த பேஜாரே வாணாம். நாளைக்கும் இப்டி வந்தா இந்த கம்ப்யூட்டர் பொட்டியை மூடிட்டு கையால எழுதறவனை வெச்சிக்கறேன்."

எழுதுகிறவன் நான் இல்லை. மூட்டைக்குத் திரும்ப இடுப்பும் இல்லை.

மறுநாள், சீட்டு அடிக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதிய பெண் காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. பிரிண்டரைத் தொடவில்லை. "நீங்க எப்பவும் போல பாருங்கண்ணா," என்று ஓரமாக நின்றது.

லாரி வந்தது. சீட்டு அடித்தேன். டிரைவர் கையை நீட்டினார். ஒரு சீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கிழிக்கிற கோடு பிரிண்டர் மூடிக்குள்ளேயே நின்றுவிடும். பிரிண்டரின் பக்கத்துக் குமிழைத் திருகித் தாளை ஏற்றிக் கிழித்தேன். பிறகு கண் அளவில் பழைய இடத்துக்கு இறக்கினேன்; ஒரு நூல் முன்னே பின்னே ஆகும்.

"ஒவ்வொரு தடவையும் இப்டியாண்ணா?"

"பின்ன, கிழிக்காம எப்டிமா குடுக்கறது?"

"ஆபீஸ்ல வரிசையா அடிச்சிப் பார்த்தோம். ஒண்ணையும் கிழிக்கல," என்று நெற்றியில் தட்டிக்கொண்டது.

உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையில் ஒரு இடத்தில் விரல் வைத்தது. "இது புள்ளையாருக்கு வுட்ட எடம். வெறும் வரி."

"வெறும் எடத்தையும் எழுதணுமா?"

"எழுதினாதாண்ணா வுடும். எடைக்கு முன்னாடி கட்டம் வரைக்கும் காலியா கீதே, அதுவும் நான் அடிச்சதுதான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மை பட்ட இடம்தான் மிஷின் செய்தது, மற்றது சும்மா கிடக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் வெற்று வரிகளைப் புரோகிராமின் தலையிலிருந்து எடுத்தது. ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் கடைசியில், எல்லா எழுத்துக்கும் அப்புறம் வைத்தது. எழுத்தில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. கிழிக்கிற கோட்டை மூடியின் விளிம்புக்கு நேராக நிறுத்தியது. "இனிமே குமிழைத் தொடாதீங்க. அடிச்சி முடிச்சதும் வெறும் வரியே தாளை ஏத்தி கோட்டை வெளிய கொண்டாந்துடும்."

அடுத்த வண்டிக்கு முதலாளியும் வந்து நின்றார். நம்பர் விழுந்தது, எடை விழுந்தது. அடிக்கிற சத்தம் நின்றது. யாரும் தொடவில்லை. தாள் மட்டும் கிர்ரென்று தானாக மேலே ஏறியது. கோடு விளிம்புக்கு வந்ததும் நின்றது.

கிழித்தேன். எடை கட்டத்துக்குள் இருந்தது. சாயங்காலம் வரை எல்லாச் சீட்டும் அப்படியே வந்தன. முதலாளி கடைசிச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாளு தீரப்போவுது. நாளைக்கு வந்ததும் ஒரு பொட்டி சொல்லிடு," என்றார் என்னிடம்.

அந்த நாற்காலியில் பல வருஷம் இருந்தேன். வெற்று வரிகள் ஏறுகிற நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவேன். தாள் நின்ற பிறகுதான் பதில் சொல்வேன்.