வர்கீஸ் சேட்டனுக்குச் சர்க்கரை குறைந்த சாயா

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கேட்காமல் வரும். வந்த வழியே தானாகப் போகும். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய சந்து இது. கடல் ஏறினால் ஓடை வழியாக எங்களைப் பார்க்க வந்துவிடும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், வாசலுக்கே தண்ணீர் வந்துவிட்டதென்று குடம், அண்டா, தூக்குச்சட்டி வரை நிரப்பி வைத்தேன். உலை வைத்துச் சோற்றை வாயில் போட்ட பிறகுதான் உப்பு தெரிந்தது. அடிபம்பில் ஒரு குடத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள் வேறென்ன செய்வேன்?

அப்போதெல்லாம் வாசற்படியை நனைத்துவிட்டுப் போய்விடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அடுப்படி வரை வருகிறது. ஊரில் இருக்கும் மகள், வந்துவிடுங்கள் என்று போனில் நச்சரித்தாள். அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கி ஓய்ந்த என் வீட்டுக்காரர் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். இது இயற்கையின் சுற்று என்றால் தண்ணீர் ஒருநாள் பின்வாங்கும், இருப்போம். மனிதன் செய்த வேலை என்றால் இன்னும் ஏறும், கிளம்புவோம். எனக்குப் போக மனமில்லை. ஆனால் வெளியாள் முன்னால் நான் வாய் திறக்கிறவள் இல்லை.

பக்கத்து வீட்டு வர்கீஸ் சேட்டன், ஏலூரில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். சாயங்காலமானால் எங்கள் வாசல் பெஞ்சுக்கு வந்துவிடுவார்.

"மனுஷர் செய்ததாக்கும் அண்ணாச்சி. எத்தர கரி, எத்தர புகை! நானே எரிச்சிருக்கு."

"நீரு ஒரு ஆளு ஊதிக் கடல் பொங்கிருச்சாக்கும்! பூமிக்கு ஒரு காலம் சூடு, ஒரு காலம் குளிரு. எங்க ஊர்ல கெணறு தோண்டினா சிப்பி வருது. அங்க எவன்வே கரி எரிச்சான்?"

சேட்டன் ஜெயிப்பதுபோல் தெரிந்தால் அவர் சாயாவில் சர்க்கரையைக் குறைத்துவிடுவேன். பழம்பொரித் தட்டும் என் வீட்டுக்காரர் பக்கம் நகர்ந்துவிடும். "சேச்சியிடம் எனக்கு ஷுகர்னு வீட்டுக்காரி சொல்லியோ?" என்று ஒருநாள் வருத்தமாகக் கேட்டார். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கார்த்திகையில் ஒருநாள், வானத்தில் மேகமே இல்லாதபோது, தண்ணீர் அடுப்புக்குள் ஏறிவிட்டது. சேட்டனோடு பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்திருந்த என் வீட்டுக்காரர், சாம்பல் மிதந்து வருவதைப் பார்த்தார்.

"நீரு சொன்னதுதான் சரி சேட்டா. மனுசந்தான் காரணம். மூட்டையக் கட்டிருவோம்."

ஜெயித்த சேட்டனுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ, நான் சும்மா தர்க்கத்துக்குப் பறஞ்சதாக்கும்! அண்ணாச்சி போயால் நான் யாரோட தர்க்கிக்கும்? இயற்கையும் கொஞ்சம் உண்டு..."

"இயற்கையாவது ஒண்ணாவது! எல்லாம் மனுசன்!"

இருவரும் கட்சி மாறிக் கத்த ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கடலு தானாச் செஞ்சிருந்தா நாம ஓட வேண்டியதுதான். மனுசன் செஞ்சிருந்தா மனுசங்கிட்டச் சொல்லிப் பாக்கலாமே? இப்ப ரெண்டு மனுசரும் கீழ எறங்கி அடுப்பத் தூக்கி வைங்க!"

சுவர் பேசியதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இறங்கினார்கள். மறுநாள் சேட்டன் செங்கல் கொண்டுவந்தார். அடுப்பு மேடையும் அடுப்படி வாசற்படியும் உயர்ந்தன. கிளம்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகள், ஊரில் கிணறு வற்றிவிட்டது என்று போனில் அழுதாள். மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி, "எங்க ஊர்ல கொட்டட்டும் தாயே" என்றேன். உடனே பயம் பிடித்துக்கொண்டது. "எங்க ஊர்ல வடியட்டும் தாயே" என்றும் சொல்லி வைத்தேன். எது எந்த ஊர் என்று சொல்ல மறந்துவிட்டேன். அதனால் இப்போதெல்லாம் போன் மணி அடித்தாலும் பயம், ஓடையில் சலசலத்தாலும் பயம்.