பஸ் ஓடுகிறது என்று சொன்னவள்

அண்ணன் மதுரையில் காலேஜ் சேர்ந்தபோது நான் ஏழாவது படித்தேன். அந்த வருஷம் முழுக்க எனக்கு அவன்மேல் ஒரே வயிற்றெரிச்சல். லீவுக்கு வந்தால் மீனில் நடுத்துண்டு அவனுக்குத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மதுரையைப் பற்றி வாயே திறக்கமாட்டான், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் பாடப்புத்தகத்தில் மதுரை இருந்தது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர். கோயிலைச் சுற்றி மாதங்களின் பெயரில் வீதிகள், பட்டிமன்றம், புத்தகக் கடைகள். எனக்கு வாய்த்ததோ கச்சிராயபாளையத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே, பஸ்கூட வராத ஊர். கேட்டால், "அங்க ஒண்ணுமில்ல, போ" என்பான். எல்லாவற்றையும் தானே வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

பேச்சும் மாறிவிட்டது. "வந்துக்கினு" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வந்துக்கிட்டு" என்பான். பெரிய மதுரைக்காரன். அவன் நோட்டு அட்டையில் யாரோ கொட்டை எழுத்தில் 'இன்னா' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் 'என்ன' என்பதை அப்படித்தான் சொல்வோம்; அதுவே ஹாஸ்டலில் வைத்த பட்டப்பெயராம். எனக்கு யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அவன் லீவு முடியும் நேரத்தில் போராட்டம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது. ஊரே காலேஜில் இடம் கேட்டு ரோட்டில் நிற்க, இடம் கிடைத்தவன் எங்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். தினமும் கச்சிராயபாளையம் வரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பஸ் ஓடல" என்பான். அப்பாவும் அதை நம்பிக் கரும்பு வெட்டுக்குப் போய்விடுவார்.

திங்கட்கிழமை கச்சிராயபாளையத்தில் என் பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினார். வெள்ளிக்கிழமையே பஸ் விட்டாச்சாம். அன்று நான் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தை எந்த விளையாட்டு விழாவிலும் ஓடியதில்லை. அப்பாவும் அண்ணனும் சோற்றில் கை வைத்திருந்தார்கள்.

"பஸ்ஸு வெள்ளிக்கெழமலேர்ந்து ஓடிக்கினுதான் இருக்குதுப்பா. அண்ணன் பொய் சொல்லுது."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "இன்னாடா?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வாயத் தொறந்தா சிரிக்கிறானுங்கப்பா. பேரே இன்னான்னு வெச்சிட்டானுங்க. நான் இங்கயே வெட்டுக்கு வரேன்."

"சிரிச்சா சிரிக்கட்டும். காலைல கௌம்பு."

சிரித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசி அந்த வகுப்பையே சிரித்து உருள வைத்திருப்பேன். இரவு அண்ணனுக்கு வைத்த மீனில் பாதி அப்படியே கிடந்தது. நான் எடுத்துச் சாப்பிட்டேன்.

காலையில் அவனுடைய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை நானும் போனேன். கள்ளக்குறிச்சி பஸ் வளைவில் திரும்பியதும் பையை வாங்கக் கை நீட்டியவன், அப்படியே நின்றான்.

"எனக்குப் பதிலா நீ போறியா, பாப்பா?"

அவன் முகத்தில் சிரிப்பில்லை. என் ஆசை தெரிந்துதான் குத்திக்காட்டுகிறான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையை அவன் காலடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நிஜமாகத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.